சைரனுக்குப் பிறகு ஊற்றிய கிளாஸ்

நான் வேலையை விட்ட பிறகும், பார்களில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் என்னைத் தேடி வந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். நீலமாக இருந்து கண்ணுக்கு முன்னாலேயே ஊதாவாக மாறுமாமே, அந்தப் பானத்தை எப்படிச் செய்தீர்கள்? சொல்லிவிடுவது சுலபம். காய்ந்த சங்குப்பூவை ஜின்னில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் ஜின் நீலமாகிவிடும். அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் நீலம் ஊதாவாகும். மற்றதெல்லாம் சர்க்கரைப் பாகு, சோடா, ஐஸ். அவ்வளவுதான்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு. அந்தப் பானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஊற்றினேன், எப்போது ஊற்றாமல் நிறுத்தினேன் என்பதை. நிறுத்தியதை மட்டும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஊற்றியதையும் சேர்த்துச் சொல்வது இதுதான் முதல் தடவை.

எண்பத்து நான்கில் ஈப்போவிலிருந்து மெல்பர்னுக்குக் கணக்கியல் படிக்க வந்தேன். கார்ல்டனில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய பப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். படிப்பை முடித்தேன், பட்டமும் வாங்கினேன். கிளாஸ் கழுவுகிற இடத்திலிருந்து கிளாஸில் ஊற்றுகிற இடத்துக்கு நகர்ந்தேன். அலுவலகத்துக்குத்தான் போகவே இல்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் ஹோட்டல் நிர்வாகத்தில் இருக்கிறேன் என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை.

எங்கள் பப்பின் முன்பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள். வீதிக்கு அந்தப் பக்கம் கல்லூரி மைதானம். குளிர்காலத்தில் மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிடும். மைதானத்துப் பனி அப்போது பால் மாதிரி எழும்பி, மரங்களின் இடுப்பு வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள்ளே ஓடுகிற பிள்ளைகளின் தலைகள் மட்டும் தெரியும். நான் கிளாஸைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ வருடம் அப்படி நின்றிருக்கிறேன், ஒரு நாள்கூட அலுத்ததில்லை.

அவர்கள் விளையாடுவது நம் ஊர்க் கால்பந்து இல்லை. இங்கே ஃபுட்டி என்பார்கள். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும், கையாலும் பிடிக்கலாம். ஒருவன் உதைத்த பந்தை இன்னொருவன் எம்பிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அவனுக்காக நின்று கொடுக்கும், நிதானமாக உதைக்கலாம். அவன் பிடித்த பிறகு ஆட்டம் முடிகிற சைரன் ஊதினாலும் அந்த ஒரு உதை அவனுக்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் போதும், நான் சொல்லப் போவது புரிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருந்த கல்லூரி விடுதிகள் ஒவ்வொரு குளிர்காலமும் ஒன்றோடொன்று மோதும். எங்கள் பக்கத்துக் கல்லூரியின் பனியனில் நீலமும் ஊதாவும் பட்டை பட்டையாக இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அவர்கள் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே போனார்கள். பப்பை நடத்திய டெரி, அந்த சீசனுக்கென்று ஒரு பானம் வேண்டும், பிள்ளைகள் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்றார்.

கடைகளில் விற்கிற நீலச் சாராயங்களின் நிறம் எனக்குப் பிடிக்காது. குளியலறை கழுவுகிற திரவம் மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் சோற்றுக்கு நீலம் ஏற்றச் சங்குப்பூ போடுவார்கள். ஒரு மலேசியக் கடையில் அது காய்ந்த பூவாகக் கிடைத்தது. ஊறப் போட்டேன். சாயங்காலம் அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் வானத்தில் நிற்குமே, அந்த நீலம். மேலே எலுமிச்சைச் சாற்றை மெல்ல விட்டதும், புகை இறங்குவது மாதிரி ஊதா இறங்கி வந்தது. டெரி உடனே இன்னொரு கிளாஸ் போடச் சொன்னார். பலகையில் 'சைரன்' என்று எழுதினோம்.

அது நன்றாக ஓடியது. பிள்ளைகள் கவுன்டரில் மோவாயை வைத்துக்கொண்டு நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை. அந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியில் ரமணன் என்று ஒரு பையன் இருந்தான். இருபது வயது, பொறியியல் படித்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பத்து வயதில் இங்கே வந்தவன். கூட்டாளிகள் இருக்கும்போது ஆங்கிலத்தில் பேசுவான். நான் மட்டும் நிற்கும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, எப்படி இருக்கிறீங்கள்?" என்பான். அப்பா நகரத்துக்கு வெளியே, டண்டினொங்கில், கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகன் ஃபுட்டி விளையாடுவது அவருக்குத் தெரியாது. அது எலும்பை முறிக்கிற விளையாட்டு, அதற்காகவா இவ்வளவு தூரம் தப்பி வந்தோம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ரமணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் நூலகத்தில் இருப்பதாகச் சொல்லிவிடுவான்.

இறுதிப் போட்டி, இங்கே குளிர்காலம் முடியப் போகிற ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பப்பில் ஆளே இல்லை, எல்லோரும் மைதானத்தில். கடைசிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு வா என்று டெரி என்னை அனுப்பினார். ஏப்ரனோடு போய் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பனி இறங்கியிருந்தது. இரண்டு அணிக்கும் நடுவில் ஐந்து புள்ளிதான் வித்தியாசம், எங்கள் பிள்ளைகள் பின்னால். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. யாரோ ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். அது பனிக்குள் போய் மறைந்துவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பந்து திரும்ப வந்தபோது மூன்று பேர் எம்பினார்கள். ரமணன்தான் எல்லோருக்கும் மேலே போனான். கொஞ்ச நேரம் அவன் அங்கேயே தங்கிவிட்டது மாதிரி இருந்தது. பந்து அவன் கைக்குள் வந்தது. அதே நேரம் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவன் காதுக்குப் பின்னால் இடித்தது. கீழே விழுந்தான். பந்தை விடவில்லை. சைரன் ஊதியது.

மெல்ல எழுந்தான். உதைக்க வேண்டிய இடத்துக்கு அவனைக் கூட்டிப் போய் நிறுத்தினார்கள். அவன் கோல் கம்பங்களைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தான். பிறகு நான்கு எட்டு வைத்து உதைத்தான். பந்து நேராக நடுவில் போனது. மைதானமே அவன் மேல் விழுந்தது. நான் சாலையைத் தாண்டி ஓடினேன். அவர்கள் வருவதற்குள் முப்பது கிளாஸ் வரிசையாக நிற்கவேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

சேறும் வேர்வையுமாக வந்து சேர்ந்தார்கள். பழைய மாணவர்கள், பெற்றோர்கள் என்று அறை நிரம்பியது. முதல் கிளாஸ் ரமணனுக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் முன்னால் வைத்து எலுமிச்சையை விட்டேன். ஊதா இறங்குவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"அக்கா, இது என்ன பூ?" என்று தமிழில் கேட்டான். அத்தனை பேர் நடுவில் அவன் தமிழில் பேசியது அதுதான் முதல் முறை. சங்குப்பூ என்றேன். "எங்கட வீட்டு வேலியில நிண்டது" என்றான். பாதி கிளாஸ் குடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனான்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். கவுன்டரில் வேறு யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தேன். நிறம் மாறுவதைப் பார்த்து அதே மாதிரி வாயைப் பிளந்தான். இது என்ன பூ என்று கேட்டான். வீட்டு வேலியில் நின்றது என்றான். திரும்பத் திரும்பக் கேட்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது என் கையில் எலுமிச்சைச் சாறு இருந்தது. அவன் அதே இடத்தில் மோவாயை வைத்தான். புருவம் அதே மாதிரி ஏறியது. "அக்கா, இது என்ன பூ?" நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, யாரோ பதில் சொல்லிவிட்டது மாதிரி, "எங்கட வீட்டு வேலியில நிண்டது" என்றான்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. முழங்கால் இடித்த சத்தம் அப்போதுதான் என் காதில் கேட்டது.

"ரமணன், இன்னிக்கு யார் ஜெயிச்சா?" என்றேன்.

அவன் சிரித்தான். "மேட்ச் இன்னும் தொடங்கேல்லையே அக்கா."

கவுன்டரைச் சுற்றி வந்து அவன் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப் போனேன். தலை இடிக்கிறது, கொஞ்சம் படுக்கட்டுமா என்று கேட்டான். ஒரு கண்மணி மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது போலத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அதற்குள் அவன் பெயரைச் சொல்லிச் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள். எல்லோர் கையிலும் கிளாஸ். அவனை மேசைமேல் ஏற்றி நிறுத்தி எல்லோரும் சேர்ந்து குடிக்க வேண்டும். அணித்தலைவன் வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான். விடு, அவனுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்றேன். எல்லோருக்கும்தான் அடிபட்டிருக்கிறது என்றான் அவன். அதுவும் நிஜம்தான். அந்த அறையில் உதடு கிழியாதவன் இல்லை.

டெரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பத்து வருடம் எனக்கு வேலை கொடுத்தவர். பையனுக்கு ஜெயித்த மயக்கம், வெளியே காற்றாட உட்கார வை, சரியாகிவிடும் என்றார். ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றால், பையனைக் குடிக்க வைத்தே சாய்த்துவிட்டார்கள் என்று ஊர் பேசும், பப்பின் உரிமத்துக்கே ஆபத்து வரும் என்று காதுக்குள் சொன்னார். நான் தொலைபேசியை எடுக்கப் போனேன். அவர் கை அதன்மேல் இருந்தது.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒருவேளை அவன் சும்மா கிறங்கிப் போயிருக்கலாம். அப்படியிருந்தால், ஒரு அணியின் மிகப் பெரிய நாளைக் கெடுத்தவள் என்று என்னைச் சொல்வார்கள், வேலையும் போகும். இதையெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் நினைத்தேன். பிறகு ஒன்றுதான் தோன்றியது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் எல்லோரும் என்மேல் கோபப்படுவார்கள். அவர்கள் நினைத்தது தப்பாக இருந்தால் கோபப்படுவதற்கு அவன் இருக்கமாட்டான்.

"கையை எடுங்க டெரி" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அறை அடங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்தார்.

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ரமணனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன், அவன் தூங்கிவிடக் கூடாது என்று. வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டேன். கடகடவென்று சொன்னான். பழையது எல்லாம் சரியாக இருந்தது, அந்த ஒரு மத்தியானம்தான் இல்லை. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. நான் லைப்ரரியில நிக்கிறன் எண்டுதான் அவருக்குத் தெரியும்." சரி, சொல்லவில்லை என்றேன். அவனுக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். வண்டி கிளம்பியதும் அந்த எண்ணைச் சுழற்றினேன்.

"ரமணன் லைப்ரரியில எல்லோ நிக்கிறான்" என்றார் அவன் அப்பா. நான் இரண்டாம் தடவை சொன்ன பிறகு, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். மண்டையோட்டுக்குக் கீழே இரத்தம் கட்டிக்கொண்டிருந்தது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். டண்டினொங்கிலிருந்து அப்பா வந்து சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. அந்தக் குளிரில் காலில் வீட்டுச் செருப்பு. மனைவி சிட்னியில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மூத்த மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருக்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். என் ஏப்ரனைப் பார்த்தார். அதில் நீலக் கறை இருந்தது.

"தங்கச்சி, நீங்கள் அவனுக்குக் குடிக்கக் குடுத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே வேறு ஆளில்லை. "ஆமா அண்ணே. அரை கிளாஸ். நான்தான் கொடுத்தேன். அடிபட்டதையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். கொஞ்சம் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

அவர் எனக்கு ஒரு இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெளியே டிராம் போகிற சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி வந்தது. வெகுநேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அவன் எப்பிடி விளையாடினவன்?"

நான் சொன்னேன். பனி இறங்கியதை, பந்து மறைந்ததை, எல்லோரும் அண்ணாந்து நின்றதை. அவன் எம்பியதை. எவ்வளவு உயரம் என்று கேட்டார். எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினேன். விழுந்தும் பந்தை விடாததை, சைரனுக்குப் பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு உதைத்ததைச் சொன்னேன். திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எந்தக் காலால் உதைத்தான் என்று கேட்டார். இடது காலால். "ஓம். சின்னனிலயும் அவனுக்கு இடதுதான்" என்றார்.

இராச் சாப்பாட்டு நேரத்துக்கு மருத்துவர் வெளியே வந்தார். பிழைத்துவிட்டான். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அது நன்றியா, கணக்குத் தீர்க்காத கோபமா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. இரண்டும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் இரண்டு தடவை அவனைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கிளாஸை. ஒருவன் உங்கள் பானத்தைப் புகழும்போது அவன் முகத்தைப் பாருங்கள். மைதானத்திலிருந்து வருகிறவனுக்கு முதலில் தண்ணீரைக் கொடுத்து, ஒரு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். யார் ஜெயித்தது, கடைசி கோல் யார் போட்டது, இங்கே எப்படி வந்தாய் என்று கேளுங்கள். அடுத்த சீசனிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன். டெரி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தொலைபேசியைக் கவுன்டரின் மறுகோடியிலிருந்து எடுத்து, எனக்குக் கையெட்டுகிற இடத்தில் மாட்டி வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ரமணன் தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். ஜன்னல் வழியாக மெலிந்த வெயில் விழுந்து போர்வைமேல் கிடந்தது. அப்பா கட்டிலோடு ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, காலையில் பூட்ஸ் கட்டியதோடு எல்லாம் நின்றுவிட்டது என்று ரமணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயித்தோம் என்று பெடியன்கள் சொன்னார்கள், தான்தான் கடைசி கோல் போட்டதாகவும் சொன்னார்கள், யாரோ வேறு ஒருவனைப் பற்றிக் கேட்பது போல இருக்கிறது என்றான். 

அப்பா சொல்லத் தொடங்கினார். பனி இறங்கினது, பந்து மறைஞ்சது, எல்லாரும் அண்ணாந்து நிண்டது. கையை உயர்த்தி எவ்வளவு உயரம் என்று காட்டினார். நாலு எட்டு, பிறகு இடது காலால் உதை என்றார். நான் சொன்ன சொற்கள்தான், அவர் பேச்சில் வேறாகக் கேட்டன.

"உங்களுக்கு ஆர் சொன்னது அப்பா?"

அப்பா போர்வையைச் சரிசெய்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வேலிக்குப் பக்கத்தில நிண்டனான். உதைக்க முன்னம் நீ ஒருக்கா என்ர பக்கம் திரும்பிப் பாத்தனீ."

ரமணன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினான். பிறகு, "ஓமப்பா" என்றான். "பாத்தனான்."

நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.